மைனஸ் எண்பது என்று எழுதினேன்

என் தோழியின் ஆராய்ச்சியை அழித்தவள் நான்தான்.

இல்லாத முடிவுகளை அவள் இருப்பதாகக் காட்டினாள் என்று மூன்று பேர் கொண்ட ஒரு குழு எழுதி வைத்திருக்கிறது. அது உண்மையில்லை. பொய் எழுதியவள் நான். ஒரு பதிவேட்டில், நீல மையில், மூன்று நாள்களுக்கு எதிரே ஒரே எண்ணை மூன்று முறை எழுதினேன். எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை...

பதினோரு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் வாய் திறக்க முடிகிறது போலும். இதுவே ஒரு கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தால், நான் மறுக்க மாட்டேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். அவள் பெயர் கோதை. ஸ்ரீரங்கத்துப் பெண். அவளுடைய அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே மகள். நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில், ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்தோம். எந்த ஆய்வுக்கூடம் என்பது வேண்டாம். அந்தக் கட்டடம் ஒரு தவறும் செய்யவில்லை.

என் சாப்பாட்டு டப்பாவில் கறிக்குழம்பு இருக்கும் நாள்களில் கோதை ஒரு நாற்காலி தள்ளி உட்காருவாள். பேச்சு மட்டும் நிற்காது. நான் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவாள். நான் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். காவிரிப் பாலத்தில் முதன்முதலாகத் தனியே ஓட்டிக்கொண்டு வந்த அன்று, "என்னைக் கொன்னுடுவான்னு நெனச்சேன் அந்த லாரிக்காரன்!" என்று சொல்லிச் சிரித்தவள், அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு பயந்திருந்தாள். அவ்வளவு நம்பினாள் என்னை.

அவள் ஆராய்ந்தது வாழையின் வாடல் நோயை.

ஜீயபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு இருவரும் டவுன் பஸ்ஸில் போனது நினைவிருக்கிறது. குலை தள்ளும் நேரத்தில் மரங்கள் மஞ்சளாகித் தொங்கின. தோட்டக்காரர் ஒரு மரத்தை வெட்டித் தண்டைப் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த ரத்தம் போலச் செம்பழுப்புக் கோடுகள். மண்ணிலிருக்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிட்டிருந்தது.

"இதுக்கு மருந்து இருக்காம்மா?" என்று கேட்டார்.

"மருந்து இல்லைங்க. ஆனா சில வாழை இதே மண்ணுல சாகாம நிக்குது. அது எப்படித் தன்னைக் காப்பாத்திக்குதுன்னு பாக்கறோம்," என்றாள் கோதை.

"பாத்து எத்தனை வருஷத்துல சொல்லுவீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "தெரியலைங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன்," என்றாள்.

இந்தச் சொற்களை நான் கற்பனை செய்து எழுதவில்லை. அவள் அப்படித்தான் சொன்னாள்.

அவள் கண்டுபிடித்ததை உங்களுக்கு எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் எதை அழித்தேன் என்பதும் புரியாது.

வாழையின் வேரைப் பூஞ்சை தொட்டதும், வேரின் உயிரணு அதை உணர்கிறது. உணர்ந்த செய்தி உள்ளே போக வேண்டும். அதைக் கொண்டு போகும் புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸின் மேல் பாஸ்பேட் என்ற சிறு அணுக்கூட்டத்தை ஒட்டுகிறது. ஒட்டியதும் அது விழித்துக்கொண்டு அதற்கடுத்ததில் ஒட்டுகிறது. இப்படியே போய்க் கடைசிக் கைனேஸ் விழித்ததும், செடி தன்னைக் காக்கத் தொடங்குகிறது. எல்லாம் சில நிமிடங்களில்!

ஆனால் இதே கைனேஸ்களில் சில, செடியின் வளர்ச்சியையும் நடத்துகின்றன. காவலிலேயே எப்போதும் விழித்திருக்கும் செடி குட்டையாகி நின்றுவிடும். இலை விடாது, குலை தள்ளாது. ஆகவே வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிட வேறு நொதிகள் இருக்கின்றன.

நோய்க்குச் சாகாத ஒரு ரகத்தில் கடைசிக் கைனேஸ் இரண்டு மணி நேரம் விழித்திருந்து, பிறகு அடங்குவதைக் கோதை கண்டாள். நோய்க்குச் சாகும் ரகத்தில் அது அரை மணிக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கூடுதல் நேரமே அதைக் காப்பாற்றுகிறது. பிறகு அடங்கிவிடுவதால் வளர்ச்சியும் கெடுவதில்லை. புகைப்படத் தாளில் பாஸ்பேட் ஏறிய கைனேஸ் ஒரு கறுத்த பட்டையாக விழும். பதினைந்தாம் நிமிடத்தில் பட்டை. ஒரு மணியில் பட்டை. இரண்டு மணியில் மங்கிய பட்டை. அதைப் பார்த்த அன்று அவள் என்னைக் கூப்பிட்டாள். "ஸ்டெல்லா, இங்க வாயேன்... இதப் பாரேன்... அப்படியே நிக்கறது பாரு!"

நானும் மகிழ்ந்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன். பொறாமை இருந்ததா? என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்திருக்கலாம்... ஆனால் அன்று நடந்தது பொறாமையால் நடக்கவில்லை. பொறாமையால் நடந்திருந்தால்கூட எனக்கு ஒரு காரணம் மிஞ்சியிருக்கும்.

அன்று வைகுண்ட ஏகாதசி. மாவட்டத்துக்கே விடுமுறை. வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. காலையில் கோதை போன் செய்தாள்.

"எங்காத்துல பதினஞ்சு பேர் வந்து எறங்கியிருக்கா ஸ்டெல்லா. வாசலைத் தாண்டி நகர முடியல. நீ லேபுக்குப் போறேன்னு சொன்னியே, அந்த ஃப்ரீஸரை ஒரு தடவை பாத்துடறியா? என் உசுரே அதுலதான் இருக்கு."

"பாத்துக்கறேன்டி. நீ நிம்மதியா பெருமாளைப் பாரு," என்றேன்.

அந்த உறைபெட்டி மைனஸ் எண்பது டிகிரியில் ஓடுவது. அப்போது அதை நாங்கள் இருவர் மட்டுமே பயன்படுத்தினோம். நூற்றுக்கணக்கான வாழை வேர்களை அரைத்து எடுத்த சாறு, சின்னச் சின்னக் குழாய்களில், அவளுடைய நேரான கையெழுத்தில் பெயரெழுதி அடுக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டு உழைப்பு. அதற்குள் இருந்த என் சிறு பெட்டியில் இருந்தது டி.என்.ஏ. அது அத்தனை சுலபமாகக் கெடாது.

மதியம் ஒரு மணிக்குப் போனேன். என் பெட்டியை எடுக்கக் கதவைத் திறந்தேன். கதவு திறந்தால் அலாரம் கூவும், காது கிழியும். அதை அணைத்தேன். அப்போது அம்மா போன் செய்தார்.

"எங்கடி இருக்க? பொண்ணு பாக்க வர்றவங்க அஞ்சு மணின்னு சொன்னாங்கல்ல, மூணுக்கே வர்றாங்களாம். உடனே கெளம்பு!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெட்டியை உள்ளே தள்ளினேன். அது முழுதாக உள்ளே போகவில்லை. பனி படிந்த தட்டில் முட்டிக்கொண்டு விரலளவு வெளியே நின்றிருக்க வேண்டும். கதவைச் சாத்தினேன். கைப்பிடி பூட்டிய சத்தம் கேட்டதா? எனக்குத் தெரியாது. அலாரத்தைத் திரும்பப் போடவில்லை. அது நிச்சயமாகத் தெரியும்.

அன்று என்னைப் பார்க்க வந்தவர்தான் இன்று என் கணவர். அன்று நான் கட்டியிருந்த சேலையைப் பற்றி இன்றும் சில சமயம் பேசுவார். அந்த நாளை அவர் நல்ல நாளாகவே நினைவு வைத்திருக்கிறார்.

திங்கள்கிழமை முதலில் வந்தவள் நான்தான்.

தரையில் தண்ணீர். கதவு சற்றே திறந்து கிடந்தது. இயந்திரம் ஓடி ஓடிச் சூடாகித் தானே நின்றுவிட்டிருந்தது. வெப்பநிலை காட்டும் எண்பலகையைப் பார்த்தேன். பதினொன்று என்று காட்டியது. மைனஸ் இல்லை. வெறும் பதினொன்று!

கோதையின் குழாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். சாறு ஒரு பக்கமாக ஓடியது.

உருகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதென்று நான் உங்களிடம் சொல்லலாம். குழுவினர்கூட அதை நம்பியிருப்பார்கள். ஆனால் தெரியும்... நன்றாகவே தெரியும். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் குளிரில்தான் அசையாமல் கிடக்கும். உருகிய சாற்றில் அவை விழித்துக்கொள்ளும். மூன்று நாள் போதும். புரதம் இருக்கும், அதன் மேல் இருந்த பாஸ்பேட் போய்விடும். அவள் கண்டுபிடித்தது அந்தப் பாஸ்பேட்டைத்தான்.

அவள் பத்து மணிக்கு வருவாள். அப்போது மணி எட்டே கால்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைத் துடைத்தேன். இயந்திரத்தை மீண்டும் ஓடவிட்டேன். பெட்டியைச் சரியாகத் தள்ளி, கதவை இறுக்கிப் பூட்டினேன். பிறகு பதிவேட்டை எடுத்தேன். தினமும் வெப்பநிலையைக் குறித்துக் கையெழுத்திடும் பதிவேடு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுக்கும் எதிரே 'மைனஸ் எண்பது' என்று எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டேன்.

அவள் வந்ததும், "ஃப்ரீஸர்ல லைட் மினுங்குது, இப்போதைக்குத் திறக்காத. கொஞ்சம் ஓடட்டும்," என்றேன். அவள் சரி என்றாள். எனக்கென்று கோயிலிலிருந்து கொண்டு வந்த பொங்கலை இலையோடு என் மேசையில் வைத்தாள்.

நான் அதைச் சாப்பிட்டேன்.

அன்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழுதிருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். பேராசிரியர் என்னைத் திட்டியிருப்பார். புதிதாகச் செடி வைக்க அவளுக்கு இன்னும் ஓராண்டு கொடுத்திருப்பார்கள். அவ்வளவுதான்! அந்த அவ்வளவுக்குப் பயந்துதான் நான் இத்தனையையும் செய்தேன்.

அவளிடம் இரண்டு முறை எடுத்த படங்கள் இருந்தன. கட்டுரையை அனுப்பினாள். மூன்றாம் முறையும் செய்து காட்டும்படி இதழிலிருந்து கேட்டார்கள். வழக்கமான கேள்விதான். சேமித்து வைத்த சாற்றை எடுத்துச் சோதனையை ஓட்டினாள். பட்டை விழவில்லை.

மறுபடி ஓட்டினாள். விழவில்லை. உப்புக் கரைசலை மாற்றினாள். புது மருந்து வாங்கினாள். ஏழு முறை, எட்டு முறை... ஒவ்வொரு முறையும் வெறுந்தாள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "என் கைக்கு என்ன ஆச்சு ஸ்டெல்லா?" என்றாள்.

அவள் கெட்டிக்காரி. விரைவிலேயே சரியான இடத்துக்கு வந்துவிட்டாள்.

"புரதம் இருக்கு. பாஸ்பேட் மட்டும் இல்ல. உருகினாத்தான் இப்படி ஆகும். ஃப்ரீஸர் எப்பவாவது நின்னிருக்குமோ? அந்த ஏகாதசி லீவுல நீதானே போய்ப் பாத்த?"

கண்ணுக்கு நேராகக் கேட்டாள். நான் கண்ணுக்கு நேராகப் பார்த்தே சொன்னேன்: "நல்லாத்தான்டி ஓடிட்டிருந்துச்சு. ரெஜிஸ்டரைப் பாரேன்."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். மைனஸ் எண்பது. மைனஸ் எண்பது. மைனஸ் எண்பது. மூடி வைத்துவிட்டு, "அப்ப என்கிட்டதான் ஏதோ தப்பு," என்றாள்.

புதுச் செடிகள் வைத்தாள். சித்திரை வெயிலில், தண்ணீர் தெளிக்கும் மோட்டார் பழுதான வாரத்தில் பாதி கருகின. மீதியில் எதுவும் தெளிவாக வரவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட காலம் முடிந்துகொண்டிருந்தது. பேராசிரியருக்கு முதலில் வருத்தம், பிறகு எரிச்சல், பிறகு சந்தேகம். "முதல்ல வந்த படமே எப்படி வந்துச்சுன்னு எனக்கு இப்ப டவுட்டா இருக்கும்மா," என்று எல்லார் முன்னாலும் சொன்னார். விசாரணைக்குக் குழு போட்டார்கள்.

குழுவிடம் கோதை சொன்னாளாம்: "ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. என் வேலை எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பாத்தவ. அவ உண்மையைச் சொல்லுவா."

என்னைக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, மூன்று பேர், ஆறிப்போன தேநீர். ஓரத்தில் கோதை உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு ஃப்ரீஸர் மேல பழி போடுது. எப்பவாவது நின்னு போச்சாம்மா?"

"இல்லைங்க சார்."

"நீங்க பாத்த வரைக்கும்?"

"நான் பாத்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"படத்தை அவங்க ஏதாவது மாத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"

இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். உறைபெட்டியைப் பற்றிய பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே கூட அதைச் சொல்லியிருக்கலாம்! அவள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று ஒரே ஒரு வரி... நான் சொன்னது: "தெரியலைங்க சார்."

கோதை என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தரவுகளின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது' என்று குழு எழுதியது. அவள் அடுத்த மாதம் விலகினாள். தன் பொருள்களை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் வந்து, "நீ என்ன பண்ணுவ பாவம். தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்!

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தொடங்கிவிட்டேன், முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஆண்டு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, அதே சோதனையைப் புதுச் செடிகளில் செய்து பார்க்கச் சொன்னார். செய்தேன். பதினைந்தாம் நிமிடத்தில் பட்டை. ஒரு மணியில் பட்டை. இரண்டு மணியில் மங்கிய பட்டை. கோதை கண்டது கண்டபடியே.

"சார்... அப்ப கோதை சொன்னது சரிதானே?" என்றேன்.

"அவ சொன்னது சரியா இருக்கலாம்மா. அவ காட்டின படம் சரியான்னு நமக்குத் தெரியாதுல்ல? நீ உன் பேர்ல எழுது."

அந்த நிமிடத்திலாவது... அந்த நிமிடத்திலாவது நான் பேசியிருக்க வேண்டும். எழுதினேன். என் பெயர் முதலில் வந்தது. அவள் பெயர் எங்குமே இல்லை. நன்றி சொல்லும் பத்தியில்கூட இல்லை. அந்தக் கட்டுரையால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

கட்டுரை வந்த வாரம் கோதை போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"பாத்தேன் ஸ்டெல்லா. பட்டை வந்துடுத்து இல்லையா? அப்பாவாண்ட காமிச்சேன். 'பாருங்கோப்பா, நான் சொன்னது பொய்யில்ல'ன்னு சொன்னேன்." பிறகு கேட்டாள்: "நீ எந்த எடத்துல மாத்திப் பண்ணின? எனக்கு ஏன் வரல?"

"ஒண்ணும் மாத்தலடி. புதுச் செடி... அவ்வளவுதான்," என்றேன்.

அதற்குப் பிறகும் அவள் அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் கோயிலில் பாவங்களைச் சொல்லும் ஒப்புரவுக்கு முழங்காலிடுவேன். பிள்ளைகள்மேல் கோபப்பட்டேன் என்பேன். மாமியாரை மனத்துக்குள் ஏசினேன் என்பேன். ஒரே ஒரு முறை, "ஒரு பொய் சொன்னேன் ஃபாதர்," என்றேன். ஒரே வரி. என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து வெளியே வந்தபோது என் மேல் எந்தப் பாரமும் குறைந்திருக்கவில்லை. ஒரு பொய்யா அது? எத்தனை பொய்!

இந்த ஆண்டு, நான்கு மாதங்களுக்கு முன், கோதை மறுபடி கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல்.

"சிரிக்காத. திரும்பவும் பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன். நாப்பத்தி ரெண்டு வயசுல! வேற ஊர்ல ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்றார். பழைய ஃபைல்ல என்னைப் பத்தி எழுதினதுக்கு விளக்கம் கேக்கறா. என்னோட வேலை பண்ணினவான்னு நீ ஒரு நல்ல லெட்டர் குடுத்தியானா போதும். குடுப்பியா?"

கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் அவள் வீடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறாள்; அன்று வகுப்பு இல்லை. கூடத்துச் சுவரில் மாலையோடு அவள் அப்பாவின் படம்.

"போய் நாலு வருஷம் ஆச்சு," என்றாள். "கடைசில ஆஸ்பத்திரில இருக்கறப்ப ஒரு நாள் கேட்டார். 'ஏம்மா, அந்தப் படத்துல நீ ஏதாவது பண்ணினியா? எங்கிட்ட மட்டும் சொல்லிடேன்'னார். இல்லப்பான்னேன். தலையாட்டினார். நம்பினாரான்னு தெரியல."

கடிதம் என் பைக்குள்ளேயே இருந்தது. அதை எடுக்க என்னால் முடியவில்லை.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். உருகிய குழாய்களை, பதினொன்று டிகிரியை, பதிவேட்டை. என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது: "எத்தனை நாள் உருகிக் கெடந்தது?"

"மூணு நாள்."

"பதினோரு டிகிரில?"

"நான் பாக்கறப்போ பதினொண்ணு."

மெல்லத் தலையசைத்தாள். ஒரு கணக்கைப் போட்டு முடித்தவள் போல. "அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள். பிறகு இன்னொரு முறை, யாரிடமோ சொல்வது போல: "சரியாத்தான் இருந்திருக்கு."

"கோதை, என்னை..."

"மன்னிப்பெல்லாம் கேக்காத. அப்பா இருக்கறச்சே வந்து சொல்லியிருக்கலாம் நீ. நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தாக்கூடப் போதும்." எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் வெள்ளைத்தாளும் பேனாவும். என் முன்னே வைத்தாள். "நல்லவ வல்லவன்னு லெட்டர் வேண்டாம். இப்ப சொன்னியே, இதை எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு. நம்ம பழைய லேபுக்கும் ஒரு காப்பி அனுப்பு."

'பெறுநர்' என்று எழுதினேன். அதற்குக் கீழே பேனா நகரவில்லை.

"இதை எழுதினா என் வேலை போயிடும் கோதை... என்கிட்ட நாலு பொண்ணுங்க ஆராய்ச்சி பண்றாங்க. அவங்க கதி..."

"எனக்குப் போச்சே," என்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதி அனுப்புகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். இந்த வாரத்துக்குள் என்றேன். விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதாகச் சொன்னாள். வாசல்வரை வரவில்லை.

அந்த வாரம் எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதினேன். கல்லூரி வாசலில் இருக்கும் தபால் பெட்டிவரை கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்தேன். அதற்கடுத்த வாரம், 'கவனக்குறைவால் கதவு திறந்திருக்கக் கூடும்' என்று ஒரு கடிதம் எழுதினேன். 'கூடும்' என்ற சொல்லைப் படித்துவிட்டு நானே கிழித்தேன். என் கணவரிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் வாயெடுத்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, வெயில்," என்றேன். அந்த ஒரு மாதத்தில் கோதை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. நினைவூட்டவில்லை. அவள் நினைவூட்டியிருந்தால் அனுப்பியிருப்பேனோ? பார்த்தீர்களா, இப்போதும் அவள் தலையில்தான் போடப் பார்க்கிறேன்!

விண்ணப்பத்தின் கடைசி நாள் போய் ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'இனிமே அனுப்ப வேண்டாம். அவர் வேற ஆளை எடுத்துண்டுட்டார்.' அவ்வளவுதான்.

வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளே என்று எனக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. அந்த மூச்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. குழுவின் கோப்பில் அந்த வரி இன்னும் இருக்கிறது. நான் இன்றைக்கும் அதைத் திருத்த முடியும். ஒரு தாள், ஒரு கையெழுத்து.

இத்தனை பக்கங்களை உங்களுக்கு எழுதிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தை இன்னும் எழுதவில்லை.